பனித்தீவின் மரக்குடில்கள்

நுழையும்முன்

வீட்டைக் கட்டுவது ஒருமுறை செய்யும் செயல். அதனைக் காப்பது தலைமுறைதோறும் செய்யும் செயல். மனிதர் வாழ்வதற்கு அரிதான நிலப்பகுதிகளில் இவ்வுண்மை மேலும் தெளிவாகப் புலப்படும். வடதுருவத்தை அடுத்துள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் வேட்டைக்காரர்கள் எழுப்பிய சிறு மரக்குடில்கள் இன்றும் நிற்கின்றன. அவை எதற்காக எழுப்பப்பட்டன, எவ்வாறு கட்டப்பட்டன, இன்று எவ்வாறு பேணப்படுகின்றன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மரம் வளரா நிலம்

நார்வே நாட்டின் வடமுனைக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில், ஆர்க்டிக் பெருங்கடலில் அமைந்துள்ளது ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். இது 74 முதல் 81 பாகை வரையிலான வட அகலாங்குகளுக்கு இடையே பரவியுள்ளது. இதன் பரப்பு ஏறத்தாழ 61,000 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியைப் பனியாறுகள் மூடியுள்ளன. தீவுகளுள் மிகப் பெரியது ஸ்பிட்ஸ்பெர்கன். அத்தீவிலுள்ள லாங்இயர்பியன் என்னும் சிற்றூரே இத்தீவுக்கூட்டத்தின் நிருவாகத் தலைமையிடம்.

இங்கு ஆண்டு முழுமைக்கும் இரவும் பகலும் நாம் அறிந்த முறையில் மாறி மாறி வருவதில்லை. லாங்இயர்பியனில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை கதிரவன் மறைவதே இல்லை. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை கதிரவன் தொடுவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நிலத்தின் மேற்பகுதி கோடையில் ஒரு மீட்டர் அளவோ அதைவிடச் சற்று மிகுதியாகவோ இளகும்; அதற்குக் கீழுள்ள மண், பல நூறு ஆண்டுகளாக உறைந்தே கிடக்கிறது. இதனை நிரந்தர உறைநிலம் என்பர். வேரூன்ற இடமில்லாத இம்மண்ணில் உயர்ந்த மரம் ஒன்றுகூட வளர்வதில்லை. இங்குள்ள துருவ வில்லோச் செடி தரையோடு தரையாகப் படர்ந்து சில சென்டிமீட்டர் உயரமே எழும்.

மரம் இல்லாத இத்தகைய நிலத்தில் மரக்குடில்கள் எவ்வாறு தோன்றின என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கான விடையின் ஒரு பகுதியைக் கடல் தருகிறது. சைபீரியக் காடுகளின் வழியே பாயும் ஓப், எனிசை, லேனா முதலிய பேராறுகள் வெள்ளக்காலத்தில் மரங்களை வேரோடு பெயர்த்துக் கடலில் சேர்க்கின்றன. வெட்டி ஆற்றில் மிதக்கவிடப்பட்ட கட்டைகளுள் தவறியனவும் அவற்றோடு கலந்துவிடுகின்றன. கடற்பனி அம்மரங்களைத் தன்னுள் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்தின் வழியே பல ஆண்டுகள் சுமந்துசென்று ஸ்வால்பார்டின் கரைகளில் ஒதுக்குகிறது. உப்பில் ஊறி, வெயிலில் வெளுத்துக் கிடக்கும் இவ்வொதுங்கு மரங்களே இங்கு வந்தோர்க்கு விறகாயின. பல இடங்களில் சுவராகவும் கூரையாகவும் ஆயின. எஞ்சிய தேவைக்குப் பலகை, ஆணி, கண்ணாடி, அடுப்பு ஆகியவற்றைக் கப்பலில் கொண்டுவந்தனர்.

வேட்டைக்காரர் வருகை

1596ஆம் ஆண்டில் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் இத்தீவுகளைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பலர் திமிங்கல வேட்டைக்காக இங்கு வந்தனர். அவர்கள் கோடையில் வந்து கோடையிலேயே திரும்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில், உருசியாவின் வெண்கடல் கரையில் வாழ்ந்த பொமோர் என்னும் மக்கள் குளிர்காலம் முழுவதும் தங்கி வேட்டையாடினர். கட்டைகளையும் அடுப்புக்கான செங்கற்களையும் தம் கப்பல்களிலேயே ஏற்றிவந்து அவர்கள் குடில் அமைத்தனர். அக்குடில்கள் இருந்த இடங்களில் இன்று அடித்தளக் கட்டைகளும் சிதறிய செங்கற்களும் மட்டுமே காணப்படுகின்றன.

பொமோர்களுக்குப்பின் நார்வே நாட்டு வேட்டைக்காரர் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் இரண்டாம் உலகப்போர் வரை அவர்களது வேட்டை உச்சத்தில் இருந்தது. துருவ நரியின் மென்மயிர்த்தோலும் பனிக்கரடியின் தோலும் ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை பெற்றன. நரியின் தோல் குளிர்காலத்தில்தான் அடர்ந்த வெண்மயிரோடு விளங்கும். ஆகவே வேட்டைக்காரன் இருள் சூழ்ந்த குளிர்காலத்தை இங்கேயே கழிக்க வேண்டியிருந்தது. இத்தேவையே குடில்களைப் பெருக்கியது.

ஸ்வால்பார்டில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது, கரடித்தீவில் 1822ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஹாமர்ஃபெஸ்ட் இல்லம் ஆகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பனிப்புயலைத் தாங்கி அது நிற்கிறது.

குடிலின் அமைப்பு

ஒரு வேட்டைக்காரனுக்கு ஒரு குடில் போதாது. நரிப்பொறிகள் கடற்கரை நெடுகப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பார்வையிட்டுத் திரும்ப ஒரு நாள் போதாது. எனவே, உணவும் எரிபொருளும் சேமித்து வைக்கப்படும் தலைமைக் குடில் ஒன்றும், ஒரு நாள் நடைத்தொலைவில் ஒன்றாகத் துணைக்குடில்கள் சிலவும் அமைக்கப்பட்டன. துணைக்குடில் ஓர் அடுப்பும், படுக்கைப் பலகையும், இருவர் ஒதுங்கும் இடமும் மட்டுமே கொண்டது. புயலில் சிக்கியவனுக்கு அடுத்த குடில் எங்குள்ளது என்னும் அறிவே உயிர்காக்கும் அறிவாக இருந்தது.

குடிலின் ஒவ்வோர் உறுப்பும் குளிரை எண்ணியே அமைக்கப்பட்டது. அறை சிறியதாக இருந்தால்தான் சிறிதளவு விறகில் சூடேறும். ஆகவே கூரை தாழ்வாகவும் தரை குறுகலாகவும் அமைந்தன. சுவர் இரட்டைப் பலகையால் ஆனது. பலகைகளின்மேல் தார் பூசிய தாள் விரித்து, மெல்லிய மரச்சட்டங்களால் அதனை அறைந்தனர். காற்றுப் புகாமல் காப்பது இத்தாளே. சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிலும் புல்மண் கட்டிகளையும் கற்களையும் அடுக்கினர். குளிர்காலத்தில் அதன்மேல் குவியும் பனியும் குடிலுக்குப் போர்வையாயிற்று.

வாயிலுக்கும் வாழும் அறைக்கும் இடையே ஒரு முன்னறை இருக்கும். கதவைத் திறக்கும்போது உள்ளிருக்கும் வெப்பம் முழுவதும் வெளியேறாமல் இம்முன்னறை தடுத்தது. விறகு, இறைச்சி, பனி படிந்த ஆடை, மண்வெட்டி ஆகியவற்றுக்கும் அதுவே இடம். மண்வெட்டியை வெளியே வைப்பது அறிவின்மை எனக் கருதப்பட்டது. ஒரே இரவில் கதவின் உயரத்துக்குப் பனி குவிந்துவிட்டால், உள்ளிருப்பவர் தம்மைத் தாமே தோண்டி வெளியேற வேண்டும்.

சாளரங்கள் மிகச் சிறியனவாக அமைந்தன. குடிலை விட்டுச் செல்லும்போது அவற்றைத் தடித்த பலகைகளால் மூடுவர். உணவின் மணத்தை நெடுந்தொலைவிலிருந்தே அறியும் பனிக்கரடி, சாளரத்தின் வழியாகவே பெரும்பாலும் உள்ளே நுழைய முயலும். அதனால் மூடுபலகைகளில் கூர்முனை வெளியே நீட்டியிருக்குமாறு ஆணிகளை அறைவதும் உண்டு.

குடிலில் வாழ்ந்தோர்

ஹில்மார் நோயிஸ் என்னும் நார்வே வேட்டைக்காரர் ஸ்வால்பார்டில் 38 குளிர்காலங்களைக் கழித்தவர். அவர் பல குடில்களைத் தம் கையால் எழுப்பினார். அவற்றுள் சிறந்தது, சாசன் ஃபியார்டின் கரையில் 1924ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஃபிரெட்ஹைம் ஆகும். மலைகளுக்கு நடுவே நிலத்தினுள் நீண்டு புகுந்து கிடக்கும் கடற்பகுதியை ஃபியார்டு என்பர். ஃபிரெட்ஹைம் என்பதற்கு அமைதி இல்லம் என்பது பொருள்.

வேட்டைக்குடில் வாழ்க்கை ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணத்தைப் பெண்கள் சிலர் மாற்றினர். நார்வேயின் துரோம்சோ நகரில் வாடகை மகிழுந்து ஓட்டிவந்த வான்னி வோல்ஸ்டாட், 1932ஆம் ஆண்டில் ஹார்ன்சுண்ட் பகுதிக்கு வேட்டைக்குச் சென்றார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அங்கே குளிர்காலம் கழித்து, ஸ்வால்பார்டின் முதல் பெண் வேட்டைக்காரராகப் பெயர்பெற்றார்.

ஆஸ்திரிய நாட்டு ஓவியர் கிறிஸ்டியானே ரிட்டர் 1934ஆம் ஆண்டில், ஸ்பிட்ஸ்பெர்கனின் வடகரையில் ஹில்மார் நோயிஸ் கட்டியிருந்த குடில் ஒன்றுக்குச் சென்றார். அங்கே தம் கணவரோடும் மற்றொரு வேட்டைக்காரரோடும் ஓராண்டு வாழ்ந்தார். ஆடவர் இருவரும் வேட்டைக்குச் சென்றிருந்த வேளையில் பல நாள் நீடித்த பனிப்புயல் வீசியது. கதவை அடைத்த பனியைத் தோண்டியும், அடுப்பு அணையாமல் காத்தும் அவர் தனித்திருந்தார். இப்பட்டறிவை அவர் எழுதிய நூல் 1938ஆம் ஆண்டில் வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. குடிலைப் பேணுவது என்பது அங்கு ஓய்வுநேரப் பணியாக இருக்கவில்லை. உண்பதையும் உறங்குவதையும் போல நாள்தோறும் தவறாது செய்ய வேண்டிய கடமையாக இருந்தது. புகைபோக்கி பனியால் அடைபட்டால் புகை அறைக்குள்ளேயே தேங்கி உறக்கத்திலேயே உயிரைப் போக்கும். தார்த்தாளில் கிழிசல் நேர்ந்தால் மாவுபோன்ற பனித்துகள் அவ்வழியே புகுந்து படுக்கையை நனைக்கும்.

குடில்வாழ்வில் எழுதாச் சட்டம் ஒன்றும் இருந்தது. குடிலை விட்டு நீங்குவோர் அடுப்பருகே உலர்ந்த சுள்ளிகளையும் பிளந்த விறகையும் அடுக்கிவைக்க வேண்டும். தீக்குச்சிகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். விரல் மரத்த நிலையில் புயலிலிருந்து அடுத்து வருபவர் யாராயினும், உடனே தீமூட்ட அது உதவும். தாம் காணாத ஒருவருக்காகச் செய்துவைக்கும் இவ்வுதவியைத் தமக்கும் பிறர் செய்திருப்பர் என்ற நம்பிக்கையோடே ஒவ்வொருவரும் அடுத்த குடிலை நோக்கி நடந்தனர்.

பதினேழு உயிர்கள்

நல்ல வீடு மட்டுமே உயிரைக் காத்துவிடாது என்பதற்கும் ஸ்வால்பார்டில் சான்று உண்டு. தோர்ட்சன் முனையில் 1872ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டவர் ஒரு பெரிய மரவீட்டைக் கட்டினர். பாஸ்பேட் கனிமத்தை அகழ்ந்தெடுக்கும் முயற்சிக்காக அது எழுப்பப்பட்டது. அது சுவீடன் இல்லம் எனப்பட்டது. உணவும் எரிபொருளும் அங்கு நிறைந்திருந்தன. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில், கடல்நாய் வேட்டைக்கு வந்த நார்வேக் கப்பல்கள் சில வடகரையில் பனியில் சிக்கின. அவற்றைச் சேர்ந்த 17 பேர் படகில் நெடுந்தொலைவு வந்து இவ்வீட்டை அடைந்து, அங்கே குளிர்காலத்தைக் கழிக்க முற்பட்டனர். அடுத்த கோடையில் மீட்கச் சென்றோர் ஒருவரையும் உயிரோடு காணவில்லை.

காய்கனி உண்ணாமையால் வரும் ஸ்கர்வி நோயே அவர்களைக் கொன்றது என நெடுங்காலம் நம்பப்பட்டது. அவர்கள் சோம்பிக் கிடந்து நோயை வரவழைத்துக்கொண்டனர் என்னும் பழிச்சொல்லும் வழங்கியது. 2008ஆம் ஆண்டில் நார்வே ஆய்வாளர்கள் அவர்களின் எலும்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்டனர். உணவு அடைக்கப்பட்ட தகரக்குவளைகளின் பற்றவைப்பில் இருந்த காரீயமே உணவில் கலந்து உயிரைப் பறித்தது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். 135 ஆண்டுகளுக்குப்பின் அம்மனிதர்கள்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது.

அவ்வீடும் அதனைச் சூழ்ந்த கல்லறைகளும் பாதுகாக்கப்பட்டமையால்தான் இவ்வுண்மை வெளிப்பட்டது. பயனற்றவை என்று எண்ணி அவற்றை அழியவிட்டிருந்தால், பழிச்சொல்லே வரலாறாக நிலைத்திருக்கும்.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப்போரின்போது, வானிலைச் செய்திகளைத் திரட்டுவதற்காகச் செருமானியர் 11 பேர் ஸ்வால்பார்டின் வடகிழக்குத் தீவில் ஒரு நிலையம் அமைத்துத் தங்கினர். 1945 மே மாதத்தில் செருமனி சரணடைந்தது. ஆனால், அவர்களை அழைத்துவரக் கப்பல் செல்வதற்குள் நான்கு மாதங்கள் கடந்துவிட்டன. 1945 செப்டம்பரில், நார்வேக் கடல்நாய் வேட்டைக்கப்பல் ஒன்றின் தலைவரிடம் அவர்கள் சரணடைந்தனர். அவர்கள் தங்கிய குடில் இன்றும் அங்கே உள்ளது.

மரத்தின் பகைகள்

குளிரும் வறட்சியும் மரத்துக்கு ஒருவகையில் நண்பர்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வெப்பமும் வேண்டும். இரண்டும் குறைந்த இந்நிலத்தில் அது மெல்லவே வளர்கிறது. வெப்ப நாடுகளில் சில ஆண்டுகளில் மட்கிவிடக்கூடிய பலகை இங்கு நூறாண்டு நிற்பதன் காரணம் இதுவே. எனினும், குடில்களுக்குப் பகைகள் இல்லாமல் இல்லை.

முதற்பகை ஈரமண். தரையைத் தொட்டு நிற்கும் அடிக்கட்டைகளும், புல்மண்ணால் மூடப்பட்ட சுவரின் கீழ்ப்பகுதியும் கோடையில் ஈரம் உறிஞ்சுகின்றன. பூஞ்சை அங்கேதான் முதலில் பற்றுகிறது. வேட்டைக்காரனைக் குளிரிலிருந்து காத்த அதே மண்சுவர், அவன் நீங்கியபின் குடிலின் அடியை அரிக்கும் காரணமாகிறது. அடுப்பெரிந்த காலத்தில் உள்வெப்பம் சுவரை உலர்த்திக்கொண்டிருந்தது; ஆளில்லாக் குடிலில் அவ்வெப்பம் இல்லை.

இரண்டாம் பகை உறைபனி. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பெருகும். மண்ணிலுள்ள நீர் ஆண்டுதோறும் உறைந்தும் இளகியும் வரும்போது, அது தன்மேலுள்ள கற்களையும் கட்டைகளையும் சிறிது சிறிதாக மேலே தூக்குகிறது. எல்லா மூலைகளும் ஒரே அளவில் உயர்வதில்லை. அதனால் குடில் சாய்கிறது. கதவு சட்டத்தில் பொருந்தாமல் போகிறது. அந்த இடைவெளியில் பனி புகுகிறது. உள்ளே குவிந்த பனி கோடையில் உருகித் தரைப்பலகையை நனைக்கிறது.

மூன்றாம் பகை காற்று. அது மணலையும் பனித்துகளையும் சுமந்துவந்து சுவரை இடைவிடாது தேய்க்கிறது. பலகையின் மென்மையான பகுதி தேய்ந்து, ஆண்டுவளையங்களின் கடினமான வரிகள் புடைத்து நிற்கின்றன, ஆணித்தலைகள் துருத்துகின்றன. தார்த்தாளின் ஒரு முனை பெயர்ந்தால் போதும். அடுத்த புயல் முழுத்தாளையும் கிழித்தெறிந்துவிடும்.

நான்காம் பகை விலங்கும் மனிதரும். பனிக்கரடிகள் 1973ஆம் ஆண்டு முதல் ஸ்வால்பார்டில் காக்கப்படுகின்றன. அவை குடிலின் கதவையும் சாளரத்தையும் உடைத்து உள்ளிருப்பதைச் சிதறடிப்பது இன்றும் நிகழ்கிறது. மனிதரால் வரும் கேடு பெரும்பாலும் அறியாமையால் வருவது. கரையில் கிடக்கும் பழங்கட்டையை ஒதுங்கு மரமென எண்ணி ஒருவர் எரித்துவிடலாம். அது பொமோர் குடில் ஒன்றின் கடைசிக் கட்டையாக இருந்திருக்கலாம்.

காக்கும் சட்டம்

1920ஆம் ஆண்டில் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. அது 1925ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இங்குள்ள இயற்கையையும் வரலாற்றுச் சின்னங்களையும் காக்கும் பொறுப்பு ஸ்வால்பார்டின் ஆளுநரைச் சாரும். 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2002 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஸ்வால்பார்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடிப்படையாக விளங்குகிறது.

1945ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ மனிதர் விட்டுச்சென்ற அசையாச் சின்னங்கள் யாவும் தாமாகவே பாதுகாப்புக்கு உரியன என்று அச்சட்டம் கூறுகிறது. தனி ஆணை எதுவும் தேவையில்லை. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள நிலமும் காப்பு எல்லைக்குள் அடங்கும். அவ்வெல்லைக்குள் கூடாரம் அடிப்பதோ நெருப்பு மூட்டுவதோ கூடாது. குடிலின் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் தகரக்குவளை, முறிந்த பொறி, எலும்புக்குவியல் ஆகியனவும் தொடத்தகாதன. பார்ப்பவர் கண்ணுக்கு அவை குப்பை. ஆராய்வோர்க்கு அவை அங்கு வாழ்ந்தவர் என்ன உண்டார், எதனை வேட்டையாடினார், எத்தனை காலம் தங்கினார் என்பதைச் சொல்லும் ஆவணங்கள். சுவீடன் இல்லத்து நிகழ்ச்சியில் தகரக்குவளைகளே உண்மையைக் காட்டின என்பதை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும்.

இப்பணிக்கான பொருளின் ஒரு பகுதியைப் பயணியரே தருகின்றனர். தீவுக்கு வரும் பயணச்சீட்டோடு சுற்றுச்சூழல் கட்டணமும் பெறப்படுகிறது. அத்தொகை, இயற்கையையும் பண்பாட்டுச் சின்னங்களையும் காப்பதற்கான நிதியத்தில் சேர்க்கப்படுகிறது.

செப்பனிடும் முறை

குடில்களைச் செப்பனிடும் காலம் குறுகியது. கடற்பனி விலகி, நிலம் வெளிப்படும் கோடை வாரங்களில்தான் கப்பலோ படகோ தொலைவுக் கரைகளை அணுக முடியும். தச்சர்களும் தொல்பொருள் அறிஞர்களும் பலகை, தாள், ஆணி, உணவு ஆகிய அனைத்தையும் சுமந்து செல்கின்றனர். ஓர் ஆணி மறந்துபோனாலும் வாங்குவதற்கு அங்கே கடை இல்லை. வேலை நடக்கும்போது ஒருவர் துப்பாக்கியோடு கரடி வருகிறதா எனக் காவல் இருப்பார்.

புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதைக் காப்பதே அவர்களின் நெறி. ஒரு கட்டையின் அடிப்பகுதி மட்டும் மட்கியிருந்தால், அப்பகுதியை மட்டும் அறுத்து நீக்கி, அதே வகை மரத்துண்டை அங்கே இணைப்பர், முழுக்கட்டையையும் மாற்றுவதில்லை. கூரைத்தாள் பயன்பாட்டால் தேய்ந்து போகும் பொருள். ஆகவே அதனைப் புதுப்பித்தே ஆக வேண்டும். ஆயினும் பழைய தாளை அறைந்திருந்த முறையிலேயே புதிய தாளும் மரச்சட்டங்களால் அறையப்படும். சாய்ந்த குடிலை நிமிர்த்துமுன், மூலைகளுக்கு அடியில் கற்களை வைத்து, உருகுநீர் தேங்காமல் வழிந்தோட வாய்க்கால் வெட்டுவர். ஈரத்தை நீக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால், புதிய மரமும் பழைய மரத்தின் வழியே போய்விடும்.

செய்த வேலை ஒவ்வொன்றும் குறிப்பும் ஒளிப்படமுமாகப் பதிவு செய்யப்படுகிறது. எது வேட்டைக்காரன் வைத்த பலகை, எது பின்வந்தோர் மாற்றிய பலகை என்பது தெரிந்தால்தான் குடில் வரலாற்றுச் சான்றாக நிற்கும். அழகுக்காக வண்ணம் பூசுவதும், வளைந்த சுவரைப் புதுவீடுபோல் நேராக்குவதும் செப்பனிடல் ஆகா. கையில் கிடைத்த பெட்டிப்பலகையையும் கப்பல் மரத்தையும் ஒட்டவைத்து வேட்டைக்காரன் கட்டியிருந்தால், அந்த ஒட்டுவேலையே அவனது வாழ்க்கைக்குச் சான்று. அதனை மறைப்பது வரலாற்றை மறைப்பதாகும்.

இடம்பெயர்ந்த இல்லம்

அண்மைக்காலத்தில் இப்பணிக்குப் புதியதோர் இடர் வந்துள்ளது. உலகின் பிற பகுதிகளைவிட ஆர்க்டிக் பகுதி விரைந்து வெப்பமடைகிறது. 1971ஆம் ஆண்டு முதல் ஸ்வால்பார்டின் சராசரி வெப்பநிலை 3 முதல் 5 செல்சியசு பாகை வரை உயர்ந்துள்ளது. இதனால் மூன்று விளைவுகள் ஒருங்கே நேர்கின்றன. முன்பு இலையுதிர்காலத்திலேயே உறைந்து கரையைக் காத்த கடற்பனி, இப்போது காலந்தாழ்ந்து உறைகிறது. சில இடங்களில் உறைவதே இல்லை. அதனால் புயற்காலத்து அலைகள் தடையின்றிக் கரையை மோதுகின்றன. அதே வேளையில், கரையைக் கல்போல் இறுக்கியிருந்த உறைநிலம் இளகி, அலைமோதும் இடங்களில் சரிகிறது. மழையும் ஈரமும் மிகுவதால் பூஞ்சைக்கும் ஏற்ற சூழல் உருவாகிறது.

வேட்டைக்காரர் படகை இழுத்தேற்றவும் ஒதுங்கு மரத்தை எடுக்கவும் வசதியாகக் கடற்கரையை ஒட்டியே குடில் கட்டினர். அன்று நலமாக இருந்த அவ்விடம் இன்று இடராகிவிட்டது. ஹில்மார் நோயிஸின் ஃபிரெட்ஹைம் இல்லத்தை நோக்கிக் கடல் ஆண்டுதோறும் நெருங்கி வந்தது. கரை சரிந்து வீடு கடலில் விழும் நிலை ஏற்பட்டதால், 2015ஆம் ஆண்டில் அவ்வில்லம் கடலைவிட்டு விலகிய மேட்டுநிலத்துக்கு நகர்த்தப்பட்டது.

இம்முடிவு எளிதாக எடுக்கத்தக்கதன்று. ஒரு சின்னத்தின் பொருள் அது நிற்கும் இடத்தோடு இணைந்தது. எந்தக் கரையில் படகு ஏறியது, எந்தத் திசைக்காற்றைத் தவிர்க்க வாயில் அமைந்தது என்பன இடம் மாறினால் மங்கிவிடும். நகர்த்தாவிடில் வீடே எஞ்சாது. இடத்தை இழந்து வீட்டைக் காப்பதா, வீட்டை இழந்தாலும் நெறியைக் காப்பதா என்னும் வினாவுக்கு ஃபிரெட்ஹைமில் முதல் விடை தேர்ந்தெடுக்கப்பட்டது. எல்லாக் குடில்களுக்கும் அதே விடையைத் தர இயலாது. சின்னங்கள் பல, கோடையோ சில வாரங்களே, பொருளும் ஆளும் அளவுக்கு உட்பட்டவை. ஆகவே எவற்றைச் செப்பனிடுவது, எவற்றை அளந்து படமெடுத்துப் பதிவுசெய்தபின் இயற்கையின் போக்கில் விட்டுவிடுவது என்பதை வரிசைப்படுத்தியே பணி நடைபெறுகிறது. காப்பது எவ்வளவு பொறுப்பு மிக்கதோ, அவ்வளவு பொறுப்பு மிக்கது கைவிடுவதும்.

நிறைவாக

ஸ்வால்பார்டு இந்தியாவுக்கு முற்றிலும் அயலான நிலம் அன்று. 1920ஆம் ஆண்டின் உடன்படிக்கையில், பிரித்தானியப் பேரரசின் வழியே இந்தியாவுக்காகவும் கையொப்பமிடப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் ஸ்பிட்ஸ்பெர்கனின் நை-ஓலசுண்ட் என்னும் ஊரில் ஹிமாத்ரி என்னும் இந்திய ஆய்வுநிலையம் இயங்கிவருகிறது. பனியாறுகளும் வளிமண்டலமும் அடையும் மாற்றங்களை இந்திய அறிவியலாளர் அங்கு ஆராய்கின்றனர். கரையோரக் குடில்களின் அடிக்கட்டையை அரிக்கும் அதே வெப்பத்தைத்தான் அவர்களின் கருவிகள் அளக்கின்றன.

அரண்மனைகளும் கோட்டைகளும் மட்டுமே பாதுகாக்கத்தக்கவை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. ஒதுங்கு மரத்தாலும் தார்த்தாளாலும் பெயரறியா உழைப்பாளர் எழுப்பிய குடிலும், மனிதர் ஒரு நிலத்தோடு எவ்வாறு பொருந்தி வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகும். அடுத்து வருபவருக்காக விறகு பிளந்து வைத்துச் சென்ற வேட்டைக்காரர் இன்று இல்லை. அவர்தம் குடிலின் மட்கிய மூலையை அறுத்து நீக்கி, ஒரு கை நீளப் புதுமரத்தை அங்கே பொருத்தும் தச்சர், அந்தப் பழைய வழக்கத்தையே தொடர்ந்து செய்கிறார்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரிலுள்ள பழமையான வீடு, சாவடி, கிணறு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எப்பொருள்களால் கட்டப்பட்டது, எதனால் சிதைகிறது என்பதைப் பட்டியலிடுக.

2. "சின்னத்தை இடம் மாற்றிக் காக்கலாம்" – "இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்" என்னும் இரு கருத்துகளையும் முன்வைத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. குடிலைவிட்டு நீங்கும் வேட்டைக்காரர், அடுத்து வருபவருக்கு எழுதிவைக்கும் கடிதம் ஒன்றைக் கற்பனையாக எழுதுக.